பதினோரு பவுன்

அவருடைய உயிரின் விலை பதினோரு பவுன்.

அது அவருக்குத் தெரியாது.

சாப்பாட்டு மேசையில் வங்கிப் படிவங்களைப் பரப்பியிருந்தார். ஓய்வு பெற்று வந்த பணம் முப்பத்திரண்டு லட்சம். அத்தனையும் டெபாசிட். அத்தனையும் அவர் ஒருவர் பெயரில். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் கணக்கெழுதிய கை, எழுத்துக் கோணாமல் நிரப்பிக்கொண்டிருந்தது.

மூன்றில் ஒரு பங்கைத் தங்கமாக வாங்கிவைப்போம் என்று பத்து நாளாகச் சொல்கிறாள் மனைவி.

பத்து நாளாகச் சிரிக்கிறார்.

"பேங்க்ல போட்டா குட்டி போடும். பீரோவுல போட்டா என்ன போடும்?"

அவள் விருதுநகர் மிளகாய் மண்டியில் வளர்ந்தவள். எதிராளி வாயிலிருந்து விலை வரும்வரை மூட்டையைப் பிரிக்கமாட்டாள்.

இன்று வந்தது.

"உங்கிட்டதான் பதினோரு பவுன் கிடக்கே, அது என்ன தகரமா? இன்னைக்கு விலைக்குப் பத்து லட்சம். நீ கேக்குற மூணுல ஒரு பங்கு ஏற்கெனவே வீட்ல இருக்கு, போ."

அவள் எழுந்தாள்.

கழுத்துச் சங்கிலி. கை வளையல் நான்கு. பீரோவிலிருந்து ஆரம். ஒவ்வொன்றாகப் படிவங்களின் மேலேயே வைத்தாள்.

"எடை போட்டுட்டு வாங்க. கடைக்காரர் பத்து லட்சம்னு சொல்லிட்டா, இனிமே நான் வாயே திறக்கல."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஜெயித்த மனுஷன் நடை.

கடைவீதி இரண்டு தெரு தள்ளி. போய்வர இருபது நிமிஷம்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

கடைக்காரர் உரைகல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாராம். தராசைத் தொடவே இல்லையாம். நாற்காலியில் உட்காரவைத்து, காபி வரவழைத்துக் கொடுத்தாராம்.

"எல்லாமே கவரிங்" என்றார் திரும்பி வந்தவர். பாதி காற்றுதான் வந்தது.

அவள் அவருடைய ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து, கடைசித் தாளைத் திருப்பி வைத்தாள்.

அடகுச் சீட்டு. எட்டு வருஷப் பழசு.

அவருடைய நெஞ்சைத் திறந்த தேதி.

ஞாயிற்றுக்கிழமை. முன்பணம் கட்டினால்தான் உள்ளே கொண்டுபோவோம் என்றார்கள். வங்கியில் ஆறு லட்சம் கிடந்தது. எடுக்க அவர் கையெழுத்து வேண்டும். அவருக்கு நினைவே இல்லை. அடகுக்கடைக்காரர் வீடு கடைக்கு மேல்மாடி. கைலியோடு இறங்கிவந்து கதவைத் திறந்தார்.

மீட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். வட்டி அவளைவிட வேகமாக நடந்தது. நகை மூழ்கிப்போயிற்று. கவரிங் வாங்கி, வருஷா வருஷம் மெருகு போட்டுக்கொண்டாள்.

முன்பணம் எப்படிக் கட்டினாய் என்று அந்த மின்வாரியக் கணக்கர் ஒரு முறை கேட்டார். பார்த்துக்கொண்டேன் என்றாள். மறுமுறை கேட்கவில்லை.

"சொல்லியிருக்கலாம்ல?"

"அதிர்ச்சியே கூடாதுன்னாரு டாக்டர்."

"இப்ப மட்டும்?"

"இப்பதான் காபி குடிச்சுட்டு வந்திருக்கீங்களே."

அவர் சீட்டை மறுபடி படித்தார்.

நிரப்பிய படிவங்களைக் கிழித்தார்.

புதுப் படிவம் ஒன்றை எடுத்து, இரண்டாவது பெயர் என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணியது.

மறுநாள் அதே கடை. அதே நாற்காலி. இந்த முறை தராசுக்கு வேலை இருந்தது.

சங்கிலி, வளையல், ஆரம். பதினோரு பவுன். செய்கூலியில் பாதி குறையும்வரை அவள் விடவில்லை. கடைக்காரர் இரண்டு முறை நெற்றியைத் துடைத்தார்.

அவர் செக் எழுதிக் கொடுத்தார். அவள் கழுத்தை ஒரு தடவை பார்த்தார். பாரம் இறங்கியவராக எழுந்தார்.

அவள் எழவில்லை.

"இது பழைய பாக்கிங்க. சேமிப்பு இனிமேத்தான். அண்ணாச்சி, நீங்க தங்கக் காசாக் காட்டுங்க."

கடைக்காரர் காபிக்கு ஆள் அனுப்பினார்.

அவர் உட்கார்ந்தார். செக் புத்தகத்தைத் திறந்தார். அடுத்த தாளுக்குப் போகும் முன், கிழித்த செக்கின் அடிக்கட்டையில் கணக்கர் கையெழுத்தில் பொடியாக எழுதினார்:

உயிர், பதினோரு பவுன். அசல் பைசல். வட்டி பாக்கி.