மண் ஒட்டிய முட்டை

"கோழியக்கா, தான் தின்ன மாட்டாளாம். ஆனா வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு மட்டும் தினம் ரெண்டு முட்டையாம். எந்த ஊரு நியாயம் இது?"

எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்தபடியே பற்ற வைத்தாள். கேட்டுக்கொண்டு நின்றவள் முட்டை மேடம்.

அது தெரு வைத்த பெயர். ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறவள். பழைய பேட்டரிகளை உருக்கிய பட்டறை ஒன்று தெருக்கோடியில் மூடிக் கிடந்தது. பட்டறை போனாலும் ஈயம் போகவில்லை, மண்ணிலேயே தங்கிவிட்டது. அது எங்கெங்கே புகுந்திருக்கிறது என்று பார்க்கத்தான் அவள் காக்காய் இறகு பொறுக்கினாள், பிள்ளைகளிடம் துளி ரத்தம் எடுத்தாள், தெருவில் கோழி வளர்க்கிற ஒரே ஆளான கோழியக்காவிடம் முட்டை கேட்டாள்.

கோழி மண்ணைக் கிளறித் தின்கிற ஜென்மம். மண்ணில் இருந்தது முட்டைக்குள்ளும் வந்துவிட்டது. "மண்ணை அள்ளி எடுக்கிற வரைக்கும் இந்த முட்டையை யாரும் சாப்பிடக் கூடாது. எங்களுக்கு மட்டும் கொடுங்க" என்று அவள் சொன்னபோது, கோழியக்கா பொம்மை மாதிரி தலையாட்டினாளே.

"யாருக்குக் கொடுக்கிறாங்க?"

"மதில் ஒட்டின வீட்டுக்குத்தான். புதுசாக் குடி வந்திருக்கே, எட்டு மாசப் பொண்ணு."

ஈயம் தாயோடு நிற்காது, வயிற்றில் இருக்கிற குழந்தையின் மூளை வரைக்கும் போகும். தன் வீட்டிலும் தத்தித் தத்தி நடக்கிற ஒரு குழந்தையை வைத்திருக்கிற முட்டை மேடத்துக்கு இதைப் படிப்பு சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கர்ப்பிணிப் பெண் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டினாள். "இப்பத்தான் மேடம் அக்கா கொடுத்துட்டுப் போனாங்க."

இரண்டு முட்டை. மேலே ஈரமண். ஒன்றில் பூப்போல ஒரு குட்டி இறகு.

"ரெண்டையும் தொடாதீங்க. ஒரு சோதனை பாக்கி இருக்கு" என்று கிண்ணத்தோடு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்தாள்.

கோழியக்கா கம்பி வலைக்கு வெளியே நின்று தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, அன்னைக்கு அந்த ஆட்டு ஆட்டினீங்களே, அது தலையா பூசணிக்காயா?"

"என்னாச்சு மேடம்?"

"நீங்க தொடாத முட்டையை ஊரான் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க எப்படிக்கா மனசு வந்தது? எட்டு மாசம்க்கா அவளுக்கு. நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒண்ணுன்னா..."

பேச்சு வேகத்தில் கட்டைவிரல் முட்டை மேலிருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. மண் விலகியது. உள்ளிருந்து சிவப்பாக, பாதி அழிந்த முத்திரை எட்டிப் பார்த்தது.

கடை முட்டை.

"என்னக்கா இது, முத்திரை?" என்றாள் முட்டை மேடம் உரக்க.

"மெதுவாப் பேசுங்க. மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டுடப் போகுது" என்று கோழியக்கா அவளைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். அங்கே ஒரு தட்டு நிறையக் கடை முட்டை, பக்கத்தில் முத்திரையைத் தேய்க்கத் தேங்காய் நார், சின்ன டப்பாவில் மண்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு மேடம். குடி வந்த புதுசுல ஒரு பாக்கெட் பால் கொடுத்தேன். மறுநாளே வேற பாக்கெட் வாங்கித் திருப்பி வச்சுட்டா. அப்படி ஒரு ரோஷக்காரி. கடையில வாங்கினதுன்னா தொட மாட்டா. எங்க கோழி போட்டது மிஞ்சிப் போச்சுன்னு சொன்னா வாங்கிக்கிறா."

"நிஜக் கோழி முட்டை?"

"உங்களுக்குக் கொடுத்தது போக மிச்சமெல்லாம் பூட்டின டப்பாவுலதான் இருக்கு. எண்ணிப் பார்த்து எடுத்துட்டுப் போங்க. அவ வாயில ஒண்ணுகூடப் படலை. அவ குடி வந்ததே நீங்க வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறம்தானே."

முட்டை மேடத்துக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் படித்த புத்தி சும்மா இருக்குமா? "அது சரிக்கா, மண்ணுலதானே விஷமே இருக்கு. அதைப் போய் மேல தடவி..."

"என்னை அவ்வளவு மக்குன்னா நினைச்சீங்க? அது பூந்தொட்டிக்கு விக்கிற மண்ணு. அதையும் கடையிலதான் வாங்கினேன்."

"இறகு?"

"என் தலையணையில உருவினது."

முட்டை மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வரும்போது எதிர்வீட்டுத் திண்ணைப் பேச்சை அப்படியே நம்பிவிட்டு வந்தோமே என்று சிரிப்புக்கு நடுவே உறுத்தியது. "அடுத்த மாசம் தெரு மண்ணை அள்ள வண்டி வருதுக்கா. புது மண்ணு கொட்டினப்புறம் உங்க கோழிங்களுக்கும் விடுதலைதான்."

"வரட்டும். அதுவரைக்கும் என் தலையணை தாங்கும்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கர்ப்பிணிப் பெண்ணிடம் திரும்பினாள். முகத்தை ஆய்வுக்கூடத் தோரணையில் வைத்துக்கொண்டு, "பார்த்துட்டேன். நல்ல முட்டைதான். தாராளமா சாப்பிடுங்க" என்றாள்.

"எதைப் பார்த்தீங்க மேடம்? முட்டையையா, முத்திரையையா?"

முட்டை மேடம் விழித்தாள். "உங்களுக்குத் தெரியுமா? அப்புறம் எப்படி வாங்கிக்கிறீங்க? ரோஷக்காரின்னு சொன்னாங்களே."

"ரோஷம்தான். ஆனா மண்ணைத் தடவி, இறகை ஒட்டி, தினம் இந்தப் பாடு படுறவங்ககிட்ட என்னத்த ரோஷம் பார்க்கிறது?"

சொல்லிக்கொண்டே ஈரத்துணியை எடுத்து, அந்தப் பாதி முத்திரையை அழுத்தித் துடைத்தாள்.

"அக்கா அவசரத்துல சிலதை அரைகுறையா விட்டுடுவாங்க. யார் கண்ணுலயாவது பட்டா அவங்களுக்குத்தானே கூச்சம்? மிச்சத்தை நான் தேய்ச்சு வச்சுடுவேன்."