ஓர் அறைச் சுருள்

மலைமேல் ஒரு வீடு. வெளியே நின்ற பாய்லர் விறகு தின்று வெந்நீர் அனுப்பும். சுவருக்குள் இருந்த செப்புக் குழாய்ச் சுருள் அந்த நீரின் சூட்டை வாங்கி வீட்டுக்குக் கொடுக்கும். வீட்டில் நான்கு அறைகள்; சுருளோ ஒரே அறைக்கு அளவெடுத்தது.

“குளிருது” என்று வீடு முனகியது.

“அண்ணே, இன்னும் எரிங்க” என்றது சுருள்.

பாய்லர் வயிறு சிவக்க எரிந்தது. அனுப்பிய வெந்நீர் சூடு குறையாமல் அப்படியே திரும்பி வந்தது. “உன்னால வாங்கிக்க முடியலையாப்பா?” என்று பாய்லர் கேட்டது.

“எனக்கென்ன குறை? உங்க எரிப்புதான் பத்தலை.”

பாய்லர் அதையும் நம்பியது. எரிந்து எரிந்து அடிவயிறு வெடித்தது.

பழைய இரும்போடு வண்டியில் கிடந்தபோது, தன் இடத்தில் இரண்டு மடங்கு பெரிய பாய்லரை நிறுத்துவதைப் பார்த்தது. சுவருக்குள்ளிருந்து பழகிய குரல் கேட்டது.

“வாங்கண்ணே. முன்னாடி இருந்தது சுத்தச் சோம்பேறி.”