முந்திக் கேட்டவள்

"உத்தமன், கொஞ்சம் இங்க வா. மேடம் மறுபடியும் முந்திக்கிட்டாங்க."

எதிர்க்கட்சியில் ஆடிக்கொண்டிருந்த டென்சில் கூப்பிட்ட குரலில் கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகம். கிளப்பின் ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ் ஆட்டத்துக்கு உத்தமன்தான் நடுவர். வாரம் முழுக்கப் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மிஷின்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒருநாளாவது நிம்மதியாகச் சீட்டைப் பார்க்கலாம் என்று வருகிற மனிதர். அந்த நிம்மதிக்கும் இப்போது வேட்டு வைத்துக்கொண்டிருந்தார் ஜானகி அம்மாள்.

விஷயம் இதுதான். மேசையில் நாலு பேர். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரே கட்சி. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவராக முறைப்படி ஏலம் கேட்க வேண்டும். சேஷகிரி கேட்க வேண்டிய இடத்தில், எதிரே இருந்த அவர் மனைவி ஜானகி, "நாலு ஸ்பேட்" என்று சொல்லிவிட்டார். முறை தவறிக் கேட்டது செல்லாது. அதோடு, பாவம், தப்பே செய்யாத கூட்டாளி அந்த ஏலம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. முந்தியவர் தன் முறை வரும்போது திரும்பக் கேட்கலாம். ஏலம் அவருக்கே விழுந்தால் இரண்டு பேர் சீட்டுக்கும் அவரே ஆடுவார்; கூட்டாளி தன் சீட்டுகளை மேசைமேல் விரித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான்.

சேஷகிரி அப்படித்தான் சும்மா இருந்தார். கோலார் தங்கவயலில் என்ஜினீயராக இருந்த காலத்திலேயே பிரிட்ஜில் புலி என்று பெயர் வாங்கியவர். தங்கவயலையே மூடப்போகிறார்களாம் என்று டென்சில் பேச்சை ஆரம்பித்தபோதுகூட வெறுமனே சிரித்தார். மனைவிமேல் அவ்வளவு வருத்தம்போல என்று உத்தமன் நினைத்துக்கொண்டார்.

வழக்கம்போல அந்த ஆட்டத்திலும் அவர்கள் தோற்றார்கள். பக்கத்து மேசையில் யாரோ "முந்திரிக்கொட்டை" என்று முனகினார்கள். இது இப்படியே போனால் அந்த அம்மாளை மேசையில் சேர்க்கக் கூடாது என்று கமிட்டியில் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. ஜானகி நின்றால் சேஷகிரியும் நின்றுவிடுவார். அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதே இந்த ஒரு பொழுதுக்குத்தான். அதையும் கெடுக்க உத்தமனுக்கு மனசு வரவில்லை.

டீ இடைவேளையில் டென்சிலைத் தனியாக அழைத்துப் பேசினார். விதியிலேயே ஒரு வழி இருக்கிறது. முறை தவறிக் கேட்டதை அடுத்து உட்கார்ந்திருக்கும் எதிராளி ஏற்றுக்கொண்டால் தண்டனையே கிடையாது. ஏலம் அப்படியே தொடரும்.

டென்சில் உடனே தலையாட்டினார். சேஷகிரியிடம்தான் அவர் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது.

"ஹோக்லி பிடு, போனாப் போகட்டும். இனிமே அவங்க எப்ப முந்தினாலும் நான் ஒத்துக்கறேன். மத்தவங்களுக்கும் சொல்லிடறேன். சார் வாயத் திறந்து கேட்டு எத்தினி நாளாச்சு!"

உத்தமனுக்கு மனசு லேசானது. ஜானகி வராந்தாவில் நின்று, உள்ளே உட்கார்ந்திருந்த கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உத்தமன் பக்குவமாகத்தான் சொன்னார். வயதானால் மறதி யாருக்கும் வரும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இனி தண்டனை கிடையாது, சார் தாராளமாக ஏலம் கேட்கலாம் என்றார்.

ஜானகியின் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று கைகூப்பினார்.

"வேண்டாம்ப்பா. என்னை யார் என்ன வேணா சொல்லிக்கட்டும், அந்தத் தண்டனையை மட்டும் எடுத்துடாதே. அவர் வாயைத் திறந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும். ராஜா எது, ராணி எதுன்னே அவருக்கு இப்போ அடையாளம் தெரியறதில்லை."