குழாயில் ஒட்டிய சீட்டு

"எங்கம்மா எடுத்த காளானுக்கு உங்க பேரு ஏன் மேடம்?" என்று ஆய்வகத்தைப் பெருக்கும் தங்கபுஷ்பத்தின் மகள் ஒருமுறை கேட்டாள். ஆய்வாளர் சுகிர்தா சிரித்து மழுப்பினாள். பின்பக்கத்துப் புங்கமரத்தடியில் அதைக் கண்டெடுத்துக் கொடுத்தவள் தங்கபுஷ்பம்தான். கண்ணாடிக் குழாயில் வளர்த்து, அதன் சாறு எலியின் புற்றுநோய்க் கட்டியைக் கரைப்பதைக் கண்டு, 'சுகிர்தா-1' என்று சீட்டு ஒட்டியவள் சுகிர்தா.

"புள்ளைக்கு என்ன தெரியும், விடுங்க மேடம். பேரா சோறு போடுது?" என்றாள் தங்கபுஷ்பம்.

அடுத்த ஆண்டு தங்கபுஷ்பத்தின் வயிற்றிலேயே கட்டி வந்தது. "நம்ம காளான்ல எனக்கு ஒரு மடக்கு தருவீங்களா மேடம்?"

"இன்னும் எலிக்குத்தான் குடுக்குறோம் தங்கம். மனுஷங்களுக்குக் குடுக்க அனுமதி வரல."

"குடுத்துவச்ச எலி," என்று சிரித்தாள் தங்கபுஷ்பம். ஐப்பசியில் இறந்துபோனாள்.

மாதம் ஒருமுறை காளானைப் புதுக் குழாய்க்கு மாற்றாவிட்டால் அது செத்துவிடும். சாவுக்குப் போய்வந்த மறுநாள் சுகிர்தா தனியாக அந்த வேலைக்கு உட்கார்ந்தாள். ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, ஊசியைச் சுட்டு, வெள்ளை இழையில் ஒரு துணுக்கை எடுத்துப் புதுக் குழாயில் வைத்தாள். 'தங்கபுஷ்பம்-1' என்று எழுதி ஒட்டினாள். பழைய சீட்டை உரித்து விளக்கில் காட்டினாள். குழாயை உள்ளே வைத்துக் குளிர்பெட்டியைச் சாத்தியபோது, எலிகளுக்கு மருந்து கொடுக்கும் நேரமாகியிருந்தது.