மாட்டு மணிக்காரன்

"இன்னிக்கு தோத்தாத்ரி மாமா சரின்னு சொல்லலைன்னா, இந்த நாலு பெட்டியும் வீட்டை விட்டுப் போயிடணும். சம்மதமா?" என்றாள் நித்யஸ்ரீ.

பத்ரி தலையாட்டினான். வேறு வழி? சிட்லபாக்கத்து ஃபிளாட்டில் எந்த வாத்தியத்தின் ஒலியையும் எழுப்பும் சிந்தசைஸர்கள், நான்கு பழைய பெட்டிகள், ஹாலை வளைத்துப் போட்டிருந்தன. டைனிங் டேபிள் பால்கனிக்குப் போய்விட்டது. மழை வந்தால் புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

எல்லாம் ஒரே ஒரு பாட்டுக்காக. நூறு வருஷத்துக்கு முந்தைய ஜாஸ் பேண்டு ஒன்றின் பாட்டு அது. அதன் டிரம்பெட், கிளாரினெட், டியூபா அத்தனையையும் இந்தப் பெட்டிகளிலேயே அச்சு அசலாகக் கொண்டுவர வேண்டும் என்று பத்ரிக்குப் பைத்தியம். உடைந்த குமிழ்களைக்கூடத் திருமுடிவாக்கம் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிப் போட்டிருந்தான்.

அந்தப் பாட்டின் இசைத்தட்டு சேலையூர் தோத்தாத்ரி மாமாவிடம் இருந்தது; எப்போதோ உடைந்துபோனது. மிஞ்சியது, அவர் தன் வீட்டு கிராமபோன் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த கேசட் மட்டும்தான். அதன் நகல்தான் பத்ரிக்கு வேதம். தாம்பரத்தில் அவர் நடத்தும் இசை மன்றத்தில் மேடையேற, அவர் தலையசைத்தாக வேண்டும்.

மாமா வந்தார். கூடவே அவர் மனைவி அபிதகுஜாம்பாள் மாமியும் வந்தாள்.

"ஆரம்பிக்கலாமே" என்று மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று பெட்டிகளில் வாசித்துச் சேர்த்து வைத்திருந்ததை ஓடவிட்டு, நான்காவது பெட்டியின் முன் விரலைத் தயாராக வைத்துக்கொண்டான் பத்ரி. டிரம்பெட் பிளிறியது. கிளாரினெட் குழைந்தது. மாமாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நித்யஸ்ரீயோ டைனிங் டேபிளை எந்தப் பக்கம் போடலாம் என்று ஹாலைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

பத்ரி விரலை அழுத்தினான். ணங்! தாளத்துக்குச் சற்றுத் தள்ளி, யாரும் எதிர்பாராத இடத்தில். அப்புறம், ணங்... ணங் ணங்!

மாமா துள்ளி எழுந்தார். "அதேதான்! எப்படிடா பிடிச்சே?"

"அதுக்கு மட்டும் தனியா ஒரு பெட்டி, மாமா. டிரம்ஸ்காரன் பக்கத்துல ஒரு மாட்டு மணியைத் தொங்கவிட்டு அடிக்கறான்னு நினைக்கறேன். தாளத்துல நிக்கவே மாட்டேங்கறான். எப்போ அடிப்பான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள பாதி முடி கொட்டிடுத்து!"

"அங்கதாண்டா அவன் மேதை! ஒவ்வொரு அடியிலயும் கோபம் தெரியறது பாரு. அன்னிக்குக் கார்த்தால யாரோடயோ பெரிய சண்டை போட்டிருக்கான். அந்த ஆத்திரத்தை அப்படியே கலையாக்கிட்டான்!" மாமா கண்களைத் துடைத்துக்கொண்டார்.

மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

"ஆண்டு விழாவுல நீதான் வாசிக்கறே. அந்த மணிக்காரனைப் பத்தி நான் பேசறேன்" என்று அறிவித்துவிட்டார் மாமா. நித்யஸ்ரீ ஒரு பெருமூச்சு விட்டாள். பெட்டிகள் பிழைத்தன. பத்ரிக்குத் தரையில் கால் பாவவில்லை.

மாமா லிஃப்ட் பக்கம் போனதும், செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மாமி பத்ரியைக் கிட்டே கூப்பிட்டாள்.

"மாமாகிட்ட சொல்லிடாதே, பாவம். அந்தக் கேசட்டுல பதிஞ்ச அன்னிக்கு, 'ரெக்கார்டிங் நடக்கறது, வாயைத் திறக்காதே'ன்னு என்னை அதட்டிட்டு ஹால்ல உக்காந்துட்டார். வாயைத்தானே திறக்கக் கூடாது? எனக்கு வந்த கோபத்துல, உள்ளே ரசத்துக்கு மிளகு இடிச்சுண்டிருந்தேன். விழாவுக்கு வேணும்னா சொல்லு, அந்த இரும்பு உரலை எடுத்துண்டு நானே வந்துடறேன்!"