ஒன்பதாம் கட்டில்

"எறங்க மாட்டேன் சிஸ்டர். இதுல ஒக்காந்துதான் போவேன்."

நிலூஷா சக்கர நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வார்டு சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னைக்குப் பரீட்சை, ஞாபகமிருக்கா? போன தடவ ஃபெயிலானது பத்தாதா ஒனக்கு?"

புனர்வாழ்வுத் தாதியர் சான்றிதழுக்கு இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. பரீட்சகர் வந்து தடுப்பதற்குள் கன்டீன் வாசலை எட்டிவிட வேண்டும், அப்புறம் யார் என்ன சொன்னால் என்ன என்று வீம்பாக இருந்தாள்.

"போலாம் ஐயா," என்றாள். பின்னால் நின்ற பெரியவர் தள்ளினார். நாற்காலி ஆடி அசைந்து, இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு நகர்ந்தது.

விறாந்தை முழுக்க நோயாளிகளைப் பார்க்க வந்த கூட்டம். மஹய்யாவையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, தாதி உடுப்போடு நாற்காலியில் இருந்தவளைப் பார்த்து வாயில் கைவைத்தாள். "ஐயோ பாவம்! மிஸ்ஸிக்கே கால் ஏலாமப் போச்சே!"

"சின்ன வயசு வேற, பாவம்," என்று பக்கத்திலிருந்தவள் உச்சுக் கொட்டினாள்.

நிலூஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும், அந்தப் 'பாவம்' தன்மேலேயே விழட்டும் என்று இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வளைவு வந்ததும் பெரியவர் வாயாலேயே ஹோன் அடித்தார். சனம் சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழிவிட்டது.

கன்டீன் வாசலில் பாயிஸ் நானா பிளேன்டீ ஆற்றிக்கொண்டிருந்தார். "என்ன மிஸ்ஸி, ஒரு பக்கமா இழுக்குதே? சில்லு பழுதா?"

"சில்லு நல்லாத்தான் இருக்கு நானா."

அதற்குள் பரீட்சகர் மூச்சிரைக்க வந்து வழியை மறித்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்புக்குப் பேர் போனவர். "ஒன்பதாம் கட்டில் காலியாக் கிடக்கு! உம்மட பேஷன்ட் எங்கை?"

"நடந்து வந்துட்டாரு சேர்."

"நடந்தோ? பக்கவாதம் வந்த மனுசன்! புசல்லாவைப் பக்கம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டினவராம். நடக்கப் பழகேக்க ஆரோ 'பாவம்' எண்டு சொல்லிப்போட்டினமாம். அண்டையிலயிருந்து காலை நிலத்தில வைக்கமாட்டன் எண்டு போர்வையை மூடிக்கொண்டு கிடக்கிறார். அவரை நடக்கவைக்கிறதுதான் உமக்குப் பரீட்சை. என்னட்டைக் கதை விடாதையும்! பேஷன்டை விட்டிட்டு நீர் வீல்செயாரில ஊர்வலம் போறீர். இந்த முறையும் ஃபெயில்தான்!"

அவர் பேனாவைத் திறந்தார். நிலூஷா நாற்காலியை விட்டு அசையவே இல்லை.

அவள் தலைக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் குழறலாக, ஆனால் கன்டீனே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் கிளம்பியது.

"ஒம்பதாம் கட்டில் நாந்தான் சேர். வழிய விடுங்க, மிஸ்ஸியத் திருப்பிக் கொண்டுபோய் எறக்கணும்!"