ஆளை நீக்கும் கட்டளை

"எல்லா போட்டோவில இருந்தும் இந்த ஆளைத் தூக்கிடணும். விரல் நுனிகூட மிச்சம் இருக்கக் கூடாது."

ஹார்ட் டிஸ்க்கை மேசைமேல் டக்கென்று வைத்தாள் அவள். ஸ்டுடியோ எடிட்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதைக் கம்ப்யூட்டரில் செருகினார். கல்யாணத்திலிருந்து போன வாரம் வரை ஆயிரக்கணக்கில் படங்கள்.

"நாலு கடை ஏறி இறங்கிட்டேன். ஒவ்வொண்ணாத் திறந்து அழிக்க மாசக்கணக்கா ஆகும்னு கையை விரிச்சுட்டாங்க. நீங்க ஏதோ ஒரு வரி அடிச்சே முடிச்சுடுவீங்களாமே."

"ஸ்கிரிப்ட்னு பேருங்க. என்ன செய்யணும்னு ஒரு தடவை எழுதி வெச்சுட்டு, ஒரு கட்டளை குடுத்தாப் போதும். சாஃப்ட்வேர் திரையில தலையே காட்டாது. பின்னாடி இருந்தபடியே ஒவ்வொரு படமா எடுத்து முடிச்சுடும்."

"சொன்ன வேலையை வாயாடாம செய்யுது. எங்க வீட்டு ஆளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

எடிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடையாளம் பிடிக்க, மாதிரிக்கு அவர் முகம் ஒண்ணு வேணும்."

மவுஸைப் பிடுங்கித் தேடியவள், பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கும் படம் ஒன்றைக் காட்டினாள்.

"இதைவிடக் கொஞ்சம் லட்சணமா..."

"அவர் லட்சணமே இதுதான்."

எடிட்டர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "அப்படி என்னதான் பண்ணினார்?"

"பொண்ணு ஸ்கூல்ல முதல் தடவையா மேடையேறிப் பாடினா. பக்கத்து நாற்காலியில பையை வெச்சு இடம் பிடிச்சிருந்தேன். கடைசிவரைக்கும் அந்தப் பைதான் உக்காந்து பாட்டுக் கேட்டுது. ஏன்னு கேட்டா, வேலையாம்."

"என்ன அவசரமோ, பாவம்."

"உங்க அபிப்பிராயத்தை நான் கேக்கல."

எடிட்டர் என்டரைத் தட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. முடிந்த படங்கள் பக்கத்தில் வரிசையாக வந்து விழுந்தன.

முதல் படத்தில், ஓட்டுநரே இல்லாத ஸ்கூட்டரின் பின்சீட்டில் அவள் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள். அடுத்ததில், மழையில் அவள் தலைக்குமேல் ஒரு குடை தானாக மிதந்தது.

"குடை பிடிக்க ஆளில்லாம அந்தரத்துல நிக்குதே. பரவாயில்லையா?"

"நிக்கட்டும். நனையாம இருந்தா சரி." அவளுக்கே உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவசரமாக விழுங்கிக்கொண்டாள்.

அடுத்த படம் வந்தது. கடற்கரை. தோளில் தூக்கி வைத்திருந்த அப்பா மறைந்துபோக, மூன்று வயதுக் குழந்தை ஆகாயத்தில் உட்கார்ந்து வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே வெறும் மணல்.

"நிறுத்துங்க," என்றாள் அவள். "குழந்தை விழுந்துடும்."

எடிட்டரின் கை அதற்குள் விசைப்பலகைக்குப் போயிருந்தது. எழுத்துகள் நின்றன.

"அசல் படமெல்லாம் பத்திரமா இருக்குங்க. ஸ்கிரிப்ட் நகல்லதான் கை வைக்கும்."

"அப்ப நகலை அழிச்சிடுங்க."

"பொண்ணை அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடச் சொன்னா, அவர் கேப்பார்னு தோணுது."

"அதை அவளைக் கெஞ்சிக் கேக்க வேண்டியது அவர் பொறுப்பு." ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "அவ தூங்கறதுக்குள்ள வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

"சொல்லிடறேன்," என்ற எடிட்டர், கம்ப்யூட்டரை அணைத்து, கடையைப் பூட்டிக்கொண்டு, மனைவியின் பின்னாலேயே நடந்தார்.